ஓரிக்கையும் காயீன் நாடகமும்

காஞ்சிமாநகரின் தென்பால் பாலாற்றங்கரையிலுள்ளது ஓரிக்கை. ‘ஓரிரவு இருக்கை’ என்பதே மருவி இப்பெயராயிற்றென்பர். பல்லவ வேந்தனொருவன் தன்னைப் பாடுமாறு கணிகண்ணனை ஏவினான்; மானிடனைப் பாட அவன் மறுத்தமையால் ஊரைவிட்டு அகற்றப்பட்டான். அவன் ஆசிரியராகிய திருமழிசையாழ்வார் தாமும் புறப்பட்டு, திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளையும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு உடன்வர வேண்டினர். மூவரும் அன்றிரவு தங்கிய இடம் இவ்வூர். வேந்தன் பிழையுணர்ந்து இரப்ப, அனைவரும் மீண்டனர். ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்னும் திருநாமம் இவ்வரலாற்றை இன்றும் நினைப்பூட்டும்.

இங்கே எதிர்க்கப்பட்டது அரசாணை. கடவுள் எதிர்த்தவன் பக்கம் நின்றார். கடவுளின் ஆணையையே ஒருவன் எதிர்ப்பின் யாதாகும்? இவ்வினாவையே ஆங்கிலக் கவியாகிய பைரன் 1821-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘காயீன்’ என்னும் செய்யுள் நாடகம் எழுப்புகின்றது.

ஆதியாகமத்துக் காயீன் பொறாமையால் தம்பியைக் கொன்றவன். பைரனுடைய காயீனோ வினவுபவன். அறிவு நன்றாயின் அதன் கனியை விலக்கியது ஏன்? பெற்றோர் பிழைக்கு நான் ஏன் சாதல் வேண்டும்? லூசிபர் அவனை அண்டவெளியில் கொண்டுசென்று, அழிந்தொழிந்த பண்டை உலகங்களையும் இறந்தோர் உலகையும் காட்டுகின்றான். காயீன் அறிவு பெற்று மீள்கின்றான், ஆறுதல் பெற்றிலன். தன் காணிக்கை ஏற்கப்படாமை கண்டு ஆபேலின் பலிபீடத்தை இடிக்க முற்பட்டு, தடுத்த தம்பியைக் கொல்கின்றான். மரணம் யாதென அறிய விழைந்தவன் அதனைத் தன் கையாலேயே உலகிற் புகுத்தினான்!

நூலைச் சமயவாதிகள் பலர் கண்டித்தனர். 1822-இல் திருட்டுப் பதிப்பைத் தடுக்குமாறு பதிப்பாளர் வழக்கிட, நூல் தெய்வநிந்தையோ என ஐயுற்ற நீதிபதி தடையுத்தரவு வழங்க மறுத்தனர். அதனால் மலிவுப் பதிப்புகள் பெருகின. வெறுப்பே நூலைப் பரப்பிற்று.

விலக்கப்பட்ட அறிவு நம் நாட்டிலும் உண்டு. காஞ்சியில் பயின்ற இராமாநுசர், திருக்கோட்டியூர் நம்பியிடம் பன்முறை சென்று பெற்ற மறைபொருளைப் பலரறியக் கூறினர் என்று குருபரம்பரை கூறும். ‘நரகம் எய்துவாய்’ என்று ஆசிரியர் வெகுள, பலர் உய்ய யான் ஒருவன் நரகம் புகுதல் நன்றே என்று அவர் விடையிறுத்தனராம். ஆசிரியர் சினந்தணிந்து தழுவிக்கொண்டனர்.

காயீன் அறிவைத் தனக்கெனத் தேடினான். இராமாநுசர் பிறர்க்கென ஈந்தார். வினவுதல் குற்றமன்று, வினவாத மனம் கல்லூரிக்கு வந்தும் பயனின்று. எனினும் நாம் பெறும் அறிவு நம் சகோதரனை நம்மோடு சேர்க்கின்றதா, பிரிக்கின்றதா என்பதைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும்.