காற்றறிவிப்பின் பொருள்

காற்று கண்ணுக்குப் புலனாகாதது. எனினும் அதன் செயலால் அதனை அறியாதார் இலர். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புகளுக்கான காற்றறிவிப்பினை நாடோறும் வெளியிடுகின்றது. தென்மேற்குத் திசையிலிருந்து மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசும் என்றும், சிற்சில வேளைகளில் அது 60 கிலோமீற்றர் வரை அதிகரிக்கும் என்றும் அவ்வறிவிப்புக் கூறுவதுண்டு. கேட்போரிற் பலர் முன்னைய எண்ணை மனத்திற் கொண்டு பின்னையதை மறந்துவிடுவர். ஆபத்து உறைவதோ அப்பின்னைய எண்ணிலேயாம்.

முதற்கண் அறியத்தக்கது திசை. காற்று எத்திசை நோக்கிச் செல்கின்றதோ அத்திசையாலன்றி, எத்திசையிலிருந்து வருகின்றதோ அத்திசையாலேயே பெயர் பெறும். பண்டைத் தமிழரும் இம்முறையையே கைக்கொண்டனர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும் வழங்கினர். தென்மேற்குப் பருவக்காற்றை யாழ்ப்பாணத்தார் சோழகம் என்பர்.

திசையறிவு வெறும் பெயரறிவு அன்று. காங்கேசன்துறை முதலிய வடகரை ஊர்களிற் சோழகம் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். நிலம் மறைப்பாய் நிற்றலின், கரையோரக் கடல் அலையடங்கித் தோன்றும். கரையை விட்டு அகலுந்தோறும் காற்றின் வலியும் அலையின் உயரமும் பெருகும். அங்கே இயந்திரம் பழுதுற்ற வள்ளம் கரைக்கு மீளமாட்டாது, வடகிழக்கே ஆழ்கடலை நோக்கி அள்ளுண்டு போம். வடகீழ்ப் பருவத்திலோ காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசுதலின், அலைகள் கரையில் மோதி உடைந்து அபாயத்தைக் கண்ணெதிரே காட்டிவிடும். மனிதனை ஏமாற்றுவது அமைதி காட்டும் கடலே.

அடுத்து அறியத்தக்கது வேகம். அறிவிப்பிற் கூறப்படும் வேகம் ஒரு கணத்தின் வேகம் அன்று; திறந்த வெளியில் 10 மீற்றர் உயரத்தில் வீசும் காற்றுக்கு, பொதுவாக 10 நிமிடங்களுக்குச் சராசரி கண்டு கூறுவது. அச்சராசரியினுள்ளே ஏற்றமும் இறக்கமும் பல உள. சில செக்கன்களே நிலைத்து அடங்கும் ஏற்றத்தை வன்வீச்சு எனலாம். நிலத்தையடுத்த காற்று மரங்களாலும் மனைகளாலும் தடைப்பட்டு மெல்லச் செல்ல, உயரத்திலுள்ள காற்று விரைந்து செல்லும். சுழிப்புகள் அவ்விரைந்த காற்றை இடையிடையே கீழே கொணருங்கால் வன்வீச்சு உண்டாகும். வெயிலால் நிலம் சூடேறிய பிற்பகலில் இது மிகும். இரவிற் பெரும்பாலும் தணியும்.

காற்றின் வேகம் சிறிது கூடினும் அதன் விசை பெரிதும் கூடும். விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வதே இதற்குக் காரணம். 40 கிலோமீற்றர் 60 ஆகும்போது வேகம் ஒன்றரை மடங்கே. விசையோ இரண்டேகால் மடங்கு. முன்னையதைத் தாங்கிய பாய்மரமும் கூரைத் தகரமும் பின்னையதைத் தாங்காது வீழ்தல் இதனாலாம்.

பரந்த பரப்புக்குக் கூறிய அறிவிப்பு ஒவ்வோர் ஊருக்கும் ஒருபடித்தாய்ப் பொருந்தாது. தென்னிந்திய மலைகளுக்கும் இலங்கையின் மத்திய மலைநாட்டுக்கும் இடையேயுள்ள தாழ்ந்த வழியிற் சோழகம் நெருக்குண்டு விரைதலின், மன்னார்ப் பகுதியில் அது வலிதாகும். பகலில் எழும் கடற்காற்றும் இரவில் எழும் நிலக்காற்றும் பருவக்காற்றைக் கூட்டியும் குறைத்தும் திசைதிருப்பியும் விடும். இடிமுகிலிலிருந்து இறங்கும் குளிர்ந்த காற்றோ எத்திசையிலும் திடீரென வீசவல்லது. இடிமழை அறிவிப்புகள் தற்காலிகமான கடுங்காற்றையும் சேர்த்து எச்சரிப்பது இதுபற்றியே.

சூறாவளிக் காலத்திற் காற்றின் திசைமாற்றத்தை உணர்தல் இன்னும் முக்கியமானது. நமது அரைக்கோளத்திற் சூறாவளி மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழலும். அதன் மையம் மேற்கு நோக்கி நகர்ந்து ஓர் ஊரைக் கடக்குமாயின், காற்று முதலில் வடக்கிலிருந்து வீசி, மையம் தலைமேல் நிற்கையில் ஓய்ந்து, பின்னர் தெற்கிலிருந்து மீண்டும் கடுமையாக வீசும். இடையில் வரும் ஓய்வை முடிவென மயங்கி வெளியே செல்வோர் பேரிடர்க்கு உள்ளாவர். 1964 டிசெம்பரிலும் 1978 நவம்பரிலும் பெருஞ் சூறாவளிகளைக் கண்ட வடகீழ் இலங்கையார்க்கு இவ்வறிவு இன்றியமையாதது.

ஆதலின் காற்றறிவிப்பைக் கேட்போர் மூன்றினை உசாவுதல் வேண்டும்: காற்று எங்கிருந்து வருகின்றது? அதன் உச்ச வீச்சு எவ்வளவு? தாம் செல்லும் இடம் அதற்கு மறைவானதா, வெளியானதா? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே வள்ளத்தைக் கடலில் இறக்குதல் அறிவுடைமையாகும்.