பழைய பிக்கப் வண்டிக்குப் புதிய ஸ்பிரிங்

கிள்ளான் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் பழைய பிக்கப் வண்டியின் பின்புறம் தாழ்ந்துவிட்டால், உடனே கூடுதல் ஸ்பிரிங் பட்டைகளைச் சேர்க்கச் சிலர் விரைகின்றனர். நாம் முதலில் சோதிக்க வேண்டியவை தேய்ந்த ரப்பர் புஷ்களும் எண்ணெய் கசியும் அதிர்வுதாங்கிகளுமே.

கூடுதல் பட்டை வண்டியைத் தாழாமல் நிறுத்துமேயன்றி, அச்சு, சட்டம், பிரேக் ஆகியவற்றின் வலிமையைக் கூட்டாது. சுமையற்ற வேளையில் வண்டி துள்ளும். துள்ளும் சக்கரத்திற்கு மழையில் குழைந்த மண் சாலையில் பிடிப்பு இராது. வண்டியை உயர்த்தினாலோ, வளைவில் கவிழும் அபாயம் மிகும்.

ஆகவே, வழக்கமாக ஏற்றும் சுமையைக் கணக்கிட்டு, அதற்கேற்ற ஸ்பிரிங்கையும் பொருத்தமான அதிர்வுதாங்கியையும் ஒருங்கே தேர்ந்தெடுப்போமாக. வண்டியின் அமைப்பை மாற்றுமுன், 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியையும் பெறுதல் வேண்டும். மாலையில் ஓட்டுநர் நலமே வீடு திரும்புவதற்கு இவ்விரண்டும் அவசியமாகும்.