வானம் மூடினால் தெரியும் வலசை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாந்துக்கும் நடுவே ஃபேர் ஐல் என்றொரு தீவு. நீளம் சுமார் 5 கிலோமீட்டர். மரம் என்று சொல்ல அநேகமாக ஒன்றும் கிடையாது. புல்வெளி, கல் அடுக்கிய வேலிச்சுவர்கள், நீரோடும் பள்ளங்கள். இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்தபோதே இங்கே ஒரு பறவை ஆய்வகம் வேண்டுமென்று திட்டம் போட்டவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். 1948-இல் அதை அமைத்தும் விட்டார்.

அக்டோபரில் சில காலைகளில் அந்தச் சுவரடியில் கோல்ட்கிரெஸ்ட் குருவிகள் வந்திருக்கும். உச்சந்தலையில் மஞ்சள் கோடு, எடை ஐந்தாறு கிராம். ஊசியிலை மரங்களில் பூச்சி பொறுக்கும் குருவி, இங்கே மரம் இல்லாததால் புல்லில் தத்தித் தத்திக் கல்லிடுக்கில் சிலந்தி தேடும். நாம் பக்கத்தில் போய் நின்றாலும் அதற்குப் பயப்பட நேரமில்லை. இரவெல்லாம் வட கடலைத் தாண்டி வந்த பசி அப்படி.

இப்படி ஒரு காலையைப் பார்த்ததும், ‘நேற்றிரவு வலசை உச்சத்தில் இருந்திருக்கிறது’ என்றுதான் நமக்குத் தோன்றும். பெரும்பாலும் அது சரியல்ல. நிதானமாகப் பார்ப்போம்.

சிறு பறவைகளில் பல இரவில்தான் கடல் தாண்டுகின்றன. நார்வேயில் வானம் தெளிந்து, காற்றும் முதுகுப் பக்கம் வீசினால் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். வழி நெடுக அதே வானிலை நீடித்தால், அவை உயரத்திலேயே தீவைக் கடந்துவிடும். மறுநாள் காலை சுவரடி வெறிச்சென்று கிடக்கும்.

நடுவழியில் கீழைக்காற்று கிளம்பி, மேகம் மூடி, மழையும் பிடித்துக்கொண்டால் கதை வேறு. நட்சத்திரங்கள் மறைந்துவிடும், இறகு நனையும், காற்று மேற்கே தள்ளும். கண்ணில் பட்ட முதல் நிலத்தில் இறங்கத்தான் வேண்டும். நெடுஞ்சாலை டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள்: மழை வந்தால் பைக்கில் போகிறவர்கள் எல்லாரும் அங்கே ஒதுங்குவார்கள். அந்தத் தலைகளை எண்ணி, இன்றைக்குச் சாலையில் வண்டி அதிகம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வோமா?

ஆகவே தீவில் நாம் எண்ணுவது போனவற்றை அல்ல, நின்றவற்றை. அதனால்தான் பறவைக் கணக்கோடு காற்றின் திசையையும் மழையையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது. மேலே பறந்து போய்விட்ட கூட்டத்தை அறிய இன்று வானிலை ரேடார் கைகொடுக்கிறது. மழைத்துளியைப் போலவே பறவையும் அதில் பதியும்.

இந்த விளக்கத்துக்குள் முழுதாக அடங்காத விருந்தாளிகளும் உண்டு. சைபீரியக் காடுகளில் கூடு கட்டும் மஞ்சள் புருவக் கதிர்க்குருவி, குளிர்காலத்துக்குத் தென்கிழக்கு ஆசியா பக்கம் போக வேண்டியது. அதில் சில ஒவ்வோர் ஆண்டும் நேர் மாறாக மேற்கே பறந்து ஃபேர் ஐலுக்கு வந்து சேர்கின்றன. அவ்வளவு தூரத்துக்கு ஓர் இரவின் காற்றைக் காரணம் காட்ட முடியாது. கீழைக்காற்று அவற்றைக் கடைசிக் கடலைத் தாண்ட வைத்திருக்கலாம். மேற்கே திரும்பியது அதற்கு வெகு முன்னரே.