ஏரிப் பயணத்திற்கு மூட்டை கட்டும் முறை

பேராக் மாநிலத்தின் வடபகுதியில், கெரிக் நகருக்கு அப்பால், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஒரு பெரும் நீர்ப்பரப்பைப் பாலத்தின் வழியே கடந்து செல்கின்றது. அதுவே தெமெங்கோர் ஏரி. இஃது இயற்கையாய் அமைந்த ஏரியன்று. 1970ஆம் ஆண்டுகளில் மின்னாக்கத்தின் பொருட்டுப் பேராக் ஆற்றின் குறுக்கே அணை எழுப்பப்பட்டபோது பள்ளத்தாக்குகள் நீருள் மூழ்கின. குன்றுகளின் உச்சிகள் தீவுகளாய் எஞ்சின. 1982இல் நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின்னரே வெளியூர் மக்கள் இங்கு எளிதில் வரலாயினர். ஏரிக்கு வடக்கே உள்ள காடு 2007 முதல் அரச பெலும் மாநிலப் பூங்காவாகப் பேணப்பட்டு வருகின்றது. பண்டிங் தீவிலிருந்து படகுவீட்டில் ஏறி, இரண்டு மூன்று நாள் நீரிலேயே தங்கித் திரும்பும் பயணங்கள் இங்கு உண்டு. பள்ளிக் குழுக்களும் செல்கின்றன.

இத்தகைய பயணம் என்று அறிவித்தவுடன் பெற்றோர் சிலர் கடைத்தெருவுக்கு விரைகின்றனர். புதுப் பெட்டி, புதுக் காலணி, புதுக் குளிர்ச்சட்டை என்று செலவு ஏறுகின்றது. வேறு சிலரோ அச்செலவை எண்ணி அஞ்சி, "எங்கள் பிள்ளை வரவில்லை, ஐயா" என்று முன்னதாகவே சொல்லிவிடுகின்றனர். இவ்விரண்டும் தேவையற்றவை. ஏரிக்கு வேண்டிய பொருள்களுள் பெரும்பாலானவை நம் வீடுகளில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைத் தெரிந்தெடுத்து ஒழுங்காகக் கட்டுதலே வேலை.

முதலில் பையைப் பார்ப்போம். சக்கரம் பூட்டிய கெட்டிப் பெட்டி படகுக்கு ஒவ்வாது. அது இருக்கையின் அடியில் நுழையாது, நடைபலகையில் உருளாது. பழைய புத்தகப்பையே சாலச் சிறந்தது. ஆனால் புத்தகப்பை நீரைத் தடுக்காது. ஆகவே பைக்குள் ஒரு பெரிய நெகிழிப்பையை விரித்து, அதற்குள் பொருள்களை அடுக்க வேண்டும். பின்னர்க் காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி, முறுக்கிய பகுதியை மடக்கி, ரப்பர் வளையத்தால் இறுகக் கட்ட வேண்டும். வெறுமனே முடிச்சுப் போட்டால் மழைநீர் இடுக்கு வழியே இறங்கிவிடும்.

உடைகளில் ஒரு தொகுதியைத் தனியே மற்றொரு நெகிழிப்பையில் கட்டுக. அஃது இரவில் உறங்குவதற்கு மட்டுமே உரியது; பகலில் எக்காரணத்தாலும் பிரிக்கக் கூடாது. "நம் நாட்டில் குளிர் ஏது?" என்று மாணவர்கள் கேட்கலாம். ஈரத்துணி காயும்பொழுது நம் உடலின் வெப்பத்தைக் கவர்ந்தே காய்கின்றது என்பதை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஓடும் படகில் காற்று வீச வீச அவ்வெப்பம் விரைவாக வெளியேறும். பிற்பகல் மழையில் நனைந்த சிறு பிள்ளை நண்பகல் வெயில் நாட்டிலேயே பல் கிட்டி நடுங்குவதுண்டு. இதனால்தான் ஜீன்ஸ் கால்சட்டையை வேண்டாம் என்கிறோம். நனைந்தால் கனக்கும்; மறுநாள் வரையிலும் காயாது. பள்ளி உடற்கல்வி உடை இதற்கு மிகப் பொருத்தம். பாட்டன் காலத்துக் கைலி ஒன்றையும் மறவாமல் வையுங்கள். உடை மாற்றும்போது திரையாகவும், இரவில் போர்வையாகவும், நனைந்த தலைக்குத் துண்டாகவும் அஃது உதவும். இத்துணைப் பயன் தரும் பொருள் வேறொன்றை நான் கண்டதில்லை.

காலணியைப் பொறுத்தவரை, பால்மரம் சீவச் செல்வோர் அணிந்து பழகிய கறுப்பு ரப்பர்க் காலணி, அதாவது 'அடிடாஸ் கம்போங்' என்று வேடிக்கையாகச் சொல்லப்படுவது, விலையுயர்ந்த காலணிகளைத் தோற்கடித்துவிடும். சேற்றில் வழுக்காது, நீர் நின்றால் கவிழ்த்து ஊற்றிவிடலாம். அளவு கிடைக்காவிடின் கயிறு கட்டிய பழைய பள்ளிக் காலணி போதும். காட்டுப்பாதையில் அட்டைகள் உண்டாதலால், நீண்ட காற்பந்துக் காலுறைக்குள் கால்சட்டையின் நுனியைச் செருகிக்கொள்க. அட்டை பற்றினால் பிய்த்தெறியாமல், நகத்தை அதன் வாயருகே நுழைத்து நகர்த்தினால் விட்டுவிடும். அதன் உமிழ்நீர் குருதியை உறைய விடாது. எனவே நெடுநேரம் கசியும். தூய துணியால் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அந்தப் பால்வெட்டுத் தொழிலிலிருந்தே மற்றொன்றும் கடன் வாங்கலாம். நெற்றியில் கட்டும் விளக்கு இரு கைகளையும் வேலைக்கு விடுவிக்கும். மாற்று மின்கலங்களும் உடன் இருக்கட்டும். பாலத்தை விட்டு உள்ளே செல்லச் செல்லக் கைத்தொலைபேசிக்கு அலைத்தொடர்பு கிட்டாது. ஆகவே அதனை நம்பாமல், கழுத்தில் ஒரு விசிலைக் கட்டித் தொங்கவிடுவது நன்று.

இனி, பையில் அடங்காத ஒரு பொருளைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அஃது உயிர்காப்பு அங்கி. படகுக்காரரே அதனைத் தருவார். ஆயினும் பெரியவர்களுக்குரிய அங்கி சிறுவனுக்குப் பயன்படாது. நீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவும். எனவே ஒவ்வொரு மாணவரின் எடையையும் எழுதி முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். படகுத்துறையில் அங்கியை அணிவித்து, வார்களை இழுத்துப் பூட்டிய பின், தோள்பட்டையைப் பற்றி மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது பொருந்தவில்லை. வேறொன்று கேட்கத் தயங்க வேண்டாம். நீந்தத் தெரிந்தவருக்கும் விலக்கில்லை. ஏரியில் மூழ்கிய மரங்களின் அடிப்பகுதிகள் இன்றும் நீருக்குள் நிற்கின்றன. படகிலிருந்து தலைகீழாகப் பாய்பவர் அவற்றைக் காண மாட்டார். கடையில் விற்கும் காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருளே அன்றிக் காப்புப் பொருளன்று; காற்று அதனைப் பிள்ளையோடு நடு ஏரிக்குத் தள்ளிவிடும்.

மருந்துகளைப் பெரும்பையில் புதைக்கக் கூடாது. இழைப்பு நோயுள்ள மாணவரின் மூச்சுமருந்து அவர் இடுப்புப்பையிலேயே இருத்தல் வேண்டும், ஆசிரியரிடம் மற்றொன்று. கொசுத் தைலம், காயத்துக்குக் கட்டுத்துணி, வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஆகியன குழுவுக்கு ஒரு பெட்டியில் போதும். குடிநீரைப் புறப்படும் இடத்திலிருந்தே கொண்டு செல்க. ஏரிநீர் தெளிவாகத் தோன்றினும் காய்ச்சாமல் பருகலாகாது. தொப்பிக்குக் கயிறு வேண்டும். நீரில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைச் சுடும். பூங்காவுக்குள் நுழைய அனுமதி பெற வேண்டியிருப்பதால் அடையாள ஆவணத்தின் நகலும் தேவை.

குடை, தங்கச் சங்கிலி, கண்ணாடிப் புட்டி, லாஸ்டிக் ஆகியவை வீட்டிலேயே இருக்கட்டும். குப்பை கட்டிக் கொண்டுவர ஒரு வெற்றுப் பையை மேலாக வைத்துவிடுக.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். மூட்டையை நீங்கள் கட்டாதீர்கள். அருகில் அமர்ந்து பிள்ளையையே கட்டச் செய்யுங்கள். அம்மா கட்டிய பையில் எது எங்கே உள்ளது என்பது பிள்ளைக்குத் தெரியாது. புறப்படுவதற்கு முந்திய இரவு விளக்கை அணைத்துவிட்டு, "நெற்றிவிளக்கை எடு, காய்ந்த உடையை எடு" என்று சொல்லிப் பாருங்கள். தடவித் தேடி எடுக்க முடியாவிட்டால், மூட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டச் சொல்லுங்கள்.