கொஞ்சம் ‘அட்ஜஸ்ட்’ செய்யுங்கள்!

ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் செல்லும் பேருந்தில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது. இருவர் அமர்ந்திருக்கும் இருக்கையருகே மூன்றாமவர் ஒருவர் வந்து, “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க” என்கிறார். உடனே இருவரும் நகர்ந்து இடம் தருகின்றனர். எல்லை கடந்து பெங்களூர் சென்றால், “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி” என்று அதே வேண்டுகோள் கன்னடத்தில் ஒலிக்கிறது. ஓர் ஆங்கில வினைச்சொல் நம் எல்லைப்புறத்தில் எத்துணை இயல்பாகக் குடியேறிவிட்டது!

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குச் சரிப்படுத்துதல், பொருத்தி அமைத்தல், புதிய சூழலுக்குப் பழகிக்கொள்ளுதல் என்பன பொருள். இது பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. இதன் வேர், ‘அருகே’ எனப் பொருள்படும் ‘யுக்ஸ்தா’ என்னும் இலத்தீன் சொல். பிற்காலத்தில், ‘நீதியான’ எனப் பொருள்படும் ‘யுஸ்துஸ்’ என்னும் சொல்லின் சாயலும் இதில் கலந்தது. நெருக்கமும் நீதியும் இணைந்த சொல் என்று இதனைக் கூறலாம்.

நாமோ இச்சொல்லைப் பற்பல வேலைகளுக்கு ஏவுகிறோம். மாதக் கடைசியில் கடன் வாங்கி ஈடுகட்டுவதும் ‘அட்ஜஸ்ட்’. கணக்கைத் திருத்தி எழுதுவதும் ‘அட்ஜஸ்ட்’. அன்பினால் விட்டுக்கொடுப்பதும் ‘அட்ஜஸ்ட்’. கொடுமையை வாய்மூடிச் சகிப்பதும் ‘அட்ஜஸ்ட்’. தமிழில் தனித்தனிச் சொற்களால் சொன்னால் நன்மையும் தீமையும் வெளிப்பட்டுவிடும். ஒரே சொல்லால் மூடும்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

மணமாகிச் சென்ற மகள் கண்ணீரோடு தாய்வீடு திரும்புகிறாள். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்கிறாள். “எல்லா வீட்டிலும் இருப்பதுதான், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போம்மா” என்று அவளைத் திருப்பி அனுப்புகிறோம். பேருந்தில் எல்லாரும் சற்று நகர்கின்றனர். இல்லத்திலோ ஒருத்தி மட்டுமே நகர்ந்து நகர்ந்து, இருக்கையின் விளிம்பிலிருந்து விழுகிறாள். இதில் நெருக்கமும் இல்லை, நீதியும் இல்லை.

மனைவியர் பணிய வேண்டும் என்பதற்கு நம்மில் பலர் புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் 22ஆம் வசனத்தைச் சுட்டுவர். அதற்கு முந்திய 21ஆம் வசனமோ ஒருவருக்கொருவர் பணிந்திருக்கக் கேட்கிறது. 25ஆம் வசனம், கணவர் கிறிஸ்துவைப் போலத் தம்மையே கையளித்து அன்பு செய்யப் பணிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1988இல் பெண்ணின் மாண்பு பற்றி எழுதிய திருமடலில், இப்பணிவு கணவன் மனைவி இருவருக்கும் உரியது என்று தெளிவுபடுத்தினார்.

ஆகவே, இனி நம் இல்லத்தில் இச்சொல் எழும்போது, ஒரு கணம் நின்று நம்மையே வினவுவோம்: நாம் கேட்பது விட்டுக்கொடுத்தலையா, சகித்துக்கிடத்தலையா? பிறரை நகரச் சொல்லுமுன், நாம் சற்றேனும் நகர்ந்தோமா?