வளர்ப்பு விலங்குகளின் கதை – 2: அச்சம் விட்ட ஓநாய்

மனிதன் பழக்கிய முதல் விலங்கு நாய். ஆடு, மாடு, பன்றி எல்லாம் வேளாண்மையை ஒட்டி வந்தவை. அவற்றின் வரலாறு ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். நாயோ அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பே, மனிதர்கள் வேட்டையாடி அலைந்த பனிக்காலத்திலேயே அவர்களோடு சேர்ந்துவிட்டது. அதன் மூதாதை சாம்பல் ஓநாய். குள்ளநரியின் கலப்பும் இருக்கலாம் என்று ஒரு காலத்தில் அறிஞர்கள் கருதியதுண்டு; மரபணு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. ஆனால் இன்று காடுகளில் திரியும் எந்த ஓநாய்க் கூட்டமும் நாயின் நேர் முன்னோர் அல்ல. அந்த வம்சம் அழிந்துபோயிற்று. பழங்கால ஓநாய்கள் 72-இன் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, நாய்கள் பண்டைய கிழக்கு யூரேசிய ஓநாய்களுக்கு நெருக்கமானவை என்று காட்டியது.

வேட்டைக்காரர்கள் குட்டிகளைத் தூக்கிவந்து வளர்த்தார்கள் என்பது பழைய விளக்கம். மனிதர் எறிந்த மிச்சத்தைத் தின்ன வந்த ஓநாய்கள் தாமாகவே பழகின என்றார் அமெரிக்க உயிரியலாளர் ரேமண்ட் காப்பிங்கர். ஓரிடத்தில் தங்காத கூட்டத்தாரிடம் அவ்வளவு மிச்சம் ஏது என்ற கேள்வி அதற்கு எழுந்தது. 2021-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ஒரு பதில் தந்தார்கள்: மனித உடலால் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டும் தின்று வாழ முடியாது, பனிக்காலக் குளிரில் மெலிந்த விலங்குகளின் இறைச்சி மிஞ்சியது, அது ஓநாய்க்குப் போனது. இந்த விளக்கங்களில் ஒன்றுதான் சரி, மற்றவை தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த வழியில் வந்திருந்தாலும், மனிதரைக் கண்டு குறைவாக மிரண்ட ஓநாய்தான் அருகே தங்கிக் குட்டி போட்டிருக்க முடியும். முதலில் மாறியது உருவம் அல்ல, சுபாவம்.

சுபாவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைக் கண்முன் காட்டியது சோவியத் ரஷ்யாவில் நடந்த ஒரு சோதனை. 1959-இல் நோவோசிபிர்ஸ்க் மரபியலாளர் திமித்ரி பெல்யாயெவும் அவருடைய மாணவி லுத்மிலா த்ரூத்தும் ரோமப் பண்ணைகளில் இருந்த வெள்ளி நரிகளை எடுத்துக்கொண்டார்கள். கூண்டுக்குள் கை நீளும்போது கடிக்காத, ஒடுங்காத நரிகளை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் இனப்பெருக்கத்துக்கு விட்டார்கள். நான்காம் தலைமுறையிலேயே ஒரு குட்டி மனிதரைக் கண்டு வாலாட்டியது. ஆறாம் தலைமுறையில் சில குட்டிகள் கவனிப்புக்காக முனகின, கையை நக்கின. பிறகு சில நரிகளுக்கு நெற்றியில் வெள்ளைப் புள்ளியும், மடிந்த காதும், சுருண்ட வாலும் தோன்றின. அந்த நரிகள் கனடாவின் பண்ணைகளில் ஏற்கெனவே பல்லாண்டுகள் வளர்க்கப்பட்டவற்றின் வழிவந்தவை என்பதால், உடல் மாற்றங்களுக்குச் சோதனையே காரணம் என்பதை 2019-இல் சில ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஆனாலும் சில தலைமுறைகளில் அச்சம் அப்படிக் கரைந்தது என்ற முடிவுக்கு அதனால் குறைவில்லை.

நாய்க்கும் மனிதருக்கும் இடையிலான நட்பு எவ்வளவு பழையது என்பதற்கு ஜெர்மனியின் பான் நகரை ஒட்டிய ஓபர்காஸெலில் சான்று இருக்கிறது. 1914-இல் கல்குவாரித் தொழிலாளர்கள் அங்கே ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோரின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். கூடவே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகளும் கிடைத்தன. காலம் 14,000 ஆண்டுகளுக்கும் முந்தியது. சாகும்போது அந்தக் குட்டிக்கு ஏழு மாதம் இருக்கலாம். அதன் பற்களின் எனாமலில் தெரியும் பழுதுகளை வைத்து, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் அது வாரக்கணக்கில் கிடந்தது என்று 2018-இல் ஓர் ஆய்வுக்குழு கூறியது. வாந்தி, பேதி, வலிப்பு என்று வதைக்கும் நோய் அது. கவனிப்பார் இல்லாத குட்டி மூன்று வாரம் தாங்காது. யாரோ அதற்குத் தண்ணீர் காட்டி, ஊட்டி, குளிர் படாமல் வைத்திருந்திருக்க வேண்டும். அத்தனை நாளும் அந்தக் குட்டியால் வேட்டைக்கோ காவலுக்கோ ஒரு பயனும் இல்லை. நாயை மனிதன் பயன் கருதி மட்டுமே வைத்திருந்தான் என்போர்க்கு இதைவிட வலுவான மறுப்பு வேண்டாம்.

வேளாண்மை வந்தபின் நாயின் வயிறும் மாறியது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளே இருக்க, நாய்களிடம் நான்கு முதல் முப்பது வரை இருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சோறும் ரொட்டியும் தின்று நாய் வாழ்வது இதனால்தான். உழவு பரவாத நிலங்களிலிருந்து வந்த ஹஸ்கி, டிங்கோ ஆகிய நாய்களில் இந்தப் பெருக்கம் மிகக் குறைவு.

முகமும் மாறியிருக்கிறது. உள்புருவத்தை மேலே தூக்கும் தசை நாய்க்கு நன்கு வளர்ந்திருக்கிறது. ஓநாய்க்கு அந்த இடத்தில் சில நார்கள்தான். நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தால் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். தாயையும் சேயையும் பிணைக்கும் ஹார்மோன் அது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்த விளைவு தெரியவில்லை. திறக்க முடியாத பெட்டியை வைத்தால் ஓநாய் தானே போராடுகிறது. நாய் சிறிது முயன்றுவிட்டு மனிதர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறது.

மனிதரும் நாயைத் தமக்குச் சமமாக நினைவுகூர்ந்ததுண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மப் பல்லவர் காலத்து நடுகல்லில், வீழ்ந்த வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு பதிவு செய்கிறது.

இன்று கடைகளிலும் கண்காட்சிகளிலும் காணும் இனங்களில் பெரும்பாலானவை கடந்த 200 ஆண்டுகளுக்குள் உருவானவை. 1873-இல் லண்டனில் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் தொடங்கியபின் வேலையைவிடத் தோற்றமே அளவுகோலாயிற்று. மூச்சுத் திணறும் பக், பெரும்பாலும் சிசேரியன் இல்லாமல் ஈன முடியாத புல்டாக் ஆகியவை அதன் கொடுமையான விளைவுகள். ஆனால் உலகின் நாய்களில் பெரும்பகுதி எந்த இனப் பதிவிலும் இல்லாமல், தெருக்களிலும் ஊர் ஓரங்களிலும் தாமே இணைந்து பெருகுபவை. சாதி நாய்கள் கலந்து கெட்டுப்போனதால் நாட்டு நாய் உண்டானது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இன வளர்ப்பு தொடங்குவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பிருந்தே தொடரும் கூட்டம் அது.

(தொடரும்)