யூனிபாரம் முடிந்த பிறகு என்ன உடுத்துவது?



பெண் பிள்ளைகள் எப்படி உடுத்த வேண்டும் என்று சொல்ல நம்ம ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஆம்பளப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் ஒருத்தரும் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். அண்ணன்மார்கள் கோபப்படக் கூடாது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை யூனிபாரம் இருக்கிறது. ஏழை, பணக்காரன் எல்லாருக்கும் ஒரே சட்டை. காலேஜுக்கோ வேலைக்கோ போகும்போதுதான் "இன்னைக்கு எதப் போடுறது?" என்ற கேள்வி வருகிறது. எங்க அண்ணனுக்கு இந்த வருஷம் வந்திருக்கிறது. நடிகர் போட்டது, கூட்டாளி போட்டது எல்லாம் வேணுமாம். காசு மட்டும் வெளிநாட்டில் வெயிலில் நிற்கிற எங்க அத்தாவிடமிருந்து வரணும்.

இதே கேள்வி காந்தியடிகளுக்கும் வந்தது. 1888-ல் பாரிஸ்டர் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறியபோது அவர் வயது 18. அங்கே போனதும் வெள்ளைக்காரர் மாதிரி ஆக ஆசைப்பட்டார். 19 ஷில்லிங்கில் உயரமான தொப்பி, 10 பவுனில் கோட்டு சூட்டு வாங்கினார். (20 ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன்.) ஊரிலிருந்த அண்ணன் தங்கத்தில் கடிகாரச் சங்கிலி அனுப்பினார். தினமும் பத்து நிமிஷம் கண்ணாடி முன் நின்று டை கட்டித் தலை சீவுவாராம். இதையெல்லாம் அவரே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். மூன்று மாதம் போல ஆனதும், நாம் படிக்க வந்தவன், இது அண்ணன் காசு என்று உணர்ந்து செலவைக் குறைக்கத் தொடங்கினார். ஆனால் சுத்தமாக உடுத்துவதை மட்டும் விடவில்லை.

அப்படியென்றால் கையில் இருக்கிற காசுக்கு நல்லா உடுத்துவது எப்படி? எனக்குத் தெரிந்த நாலு விஷயம் சொல்கிறேன்.

1. அளவு: சட்டையின் தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். கீழே இறங்கினால் கடன் வாங்கிய சட்டை மாதிரி இருக்கும். உடம்பு, கை நீளம் பெரிசா இருந்தால் டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்கலாம். தோள் பெரிசா இருந்தால் பிரிச்சுத் தைப்பது கஷ்டம். அதனால் கடையில் முதலில் தோளைப் பார்க்கணும்.

2. துணி: நம்ம ஊர் கடற்கரை. காற்றில் ஈரம் அதிகம், வியர்வை சீக்கிரம் காயாது. பருத்தி வியர்வையை உறிஞ்சும். பாலியஸ்டர் அவ்வளவாக உறிஞ்சாது, உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

3. கணக்கு: வெள்ளை, வெளிர்நீலம், சாம்பல் என்று 3 சட்டை. கருப்பு, கருநீலம் என்று 2 பேண்ட். எதோடு எதைப் போட்டாலும் பொருந்தும். 3 × 2 = 6. திங்கள் முதல் சனி வரை ஆறு நாளும் ஆறு மாதிரி! பளபளப்பான பூப்போட்ட சட்டை ஒரே பேண்டுக்குத்தான் சேரும்.

4. நம்ம உடுப்பு: சில அண்ணன்மார் வீட்டில் கைலி கட்டிவிட்டு, கூட்டாளி வந்தால் உள்ளே ஓடுகிறார்கள். ஏன் வெட்கம்? இலங்கையில் சாரம், மலேசியாவில் சரோங், பர்மாவில் லோஞ்சி என்று பல நாட்டு ஆண்கள் உடுத்துவது இதுதானே. வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியையே சென்னையில் ஒரு கிளப்பில் 2014-ல் உள்ளே விடவில்லை. அதே வருஷம், வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழக அரசு சட்டம் போட்டது.

காந்தியடிகள் கதைக்கு மிச்சம் இருக்கிறது. 1893-ல் டர்பன் கோர்ட்டில் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றாமல் வெளியே வந்துவிட்டார். 1921 செப்டம்பர் 22 அன்று, நம்ம பக்கத்து மதுரையில், ஏழைகளுக்கு முழு உடைக்கு வழியில்லையே என்று அரைமுழத் துண்டுக்கு மாறினார். 1931-ல் லண்டன் அரண்மனையில் ராஜாவைப் பார்க்கவும் அப்படியேதான் போனார். தொப்பி போட்டுப் பழகிய அதே லண்டன்!

எல்லாரும் துண்டு கட்டுங்கள் என்று சொல்லவில்லை. அடுத்தவரைப் பார்த்து வாங்கியது அவருக்கு மூன்று மாதத்தில் சலித்தது. தானே யோசித்து எடுத்தது கடைசிவரை நின்றது. அண்ணன்மார்களே, கடைக்குள் நுழையும் முன், இது என் உடம்புக்குச் சேருமா, நம்ம ஊர் வெயிலுக்கு ஆகுமா, இது யார் காசு என்று மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். எங்க அண்ணனுக்கும் இந்தத் தாளைக் காட்டப் போகிறேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி,
பெரியபட்டினம்.